பாம்புள்ள வீடு விற்பனைக்கு

ரோம் நகரத்து ஏழு குன்றுகளில் ஒன்று சீலியன். அதன் மேல் கிளாடியஸ் சென்ட்டுமாலஸ் என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. நல்ல உயரமான வீடு. அந்த உயரம்தான் வினையாயிற்று. நகரத்தின் கோட்டை மேட்டில் நின்றுகொண்டு, எந்தப் பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று சகுனம் பார்ப்பதற்கென்றே ரோமாபுரியில் அரசாங்கக் குருமார்கள் இருந்தார்கள். சகுனம் சரியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் அரசு காரியமே தள்ளிப்போகும். அப்படிப்பட்டவர்களின் பார்வைக்குக் குறுக்கே சென்ட்டுமாலஸின் மாடி நின்றது. மறைக்கிற பகுதியை இடித்துத் தள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சென்ட்டுமாலஸ் கடப்பாரை தேடவில்லை. வீட்டை வாங்க ஆள் தேடினார்.

ஆளும் கிடைத்தார். கல்புர்னியஸ் லனாரியஸ் என்பவர் நம்பி வாங்கினார். அதே குருமார்கள், அதே உத்தரவை, இப்போது அவருக்கு அனுப்பினார்கள். வேறு வழியின்றி அவர் இடித்தார். இடித்த பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது: உத்தரவு முதலில் போனது சென்ட்டுமாலஸுக்கு, அதற்குப் பிறகே வீடு விலைக்கு வந்தது. லனாரியஸ் வழக்குப் போட்டார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர் மார்க்கஸ் கேட்டோ. பின்னாளில் ஜூலியஸ் சீசரையே எதிர்த்து நின்ற கேட்டோவின் தகப்பனார். சென்ட்டுமாலஸ் பொய் சொன்னார் என்பது அல்ல புகார். வாயைத் திறக்கவில்லை என்பதுதான் புகார். விற்கும்போது தெரிந்திருந்தது, தெரிந்தும் சொல்லவில்லை, ஆகவே நஷ்டம் விற்றவர் தலையில் என்று கேட்டோ முடித்துவிட்டார். விற்பவர் வயிற்றில் புளியைக் கரைக்கும் தீர்ப்பு. ஆனால் எல்லா வழக்கும் இவ்வளவு நேராக வந்து விழுவதில்லை.

செர்ஜியஸ் ஒராட்டா என்பவர் சிப்பி வளர்ப்பில் பேர் வாங்கிய ஆள். அவர் தன் வீடு ஒன்றை மாரியஸ் கிராடிடியானஸ் என்பவருக்கு விற்றார். சில வருஷங்கள் கழித்து அதே வீட்டை அவரிடமிருந்தே திரும்ப வாங்கினார். அந்த வீட்டின் மேல் இன்னொருவருக்கு ஒரு பாத்தியதை இருந்தது. கிராடிடியானஸ் விற்கும்போது அதைச் சொல்லவில்லை. உடனே ஒராட்டா வழக்குத் தொடுத்தார்! அவர் பக்கம் கிராஸஸ், எதிர்ப்பக்கம் அன்டோனியஸ். இருவரும் அன்றைய ரோமின் முதல் வரிசை வக்கீல்கள். தெரிந்த குறையை விற்பவர் சொல்லியே தீர வேண்டும் என்று கிராஸஸ் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இவரே விற்ற வீடு அல்லவா, தான் விற்ற மாட்டின் சுழி தனக்கே தெரியாதா என்கிற தோரணையில் அன்டோனியஸ் மடக்கினார். இந்தக் கதையை நமக்குச் சொல்லும் ரோமானியப் பேச்சாளர் சிசரோ, தீர்ப்பு என்னவாயிற்று என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கு அதைவிடச் சுவையான ஒரு வீடு கையில் இருந்தது.

கி.மு. 44. சீசர் குத்துப்பட்டுச் செத்த வருஷம். ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக, கடமை என்றால் என்ன என்று சிசரோ ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கற்பனை வீடு வருகிறது. குடியிருந்தால் நோய் வரும். ஊருக்கு அது தெரியாது. படுக்கையறைகளில் பாம்பு நடமாட்டம். மரமெல்லாம் உளுத்துப்போய் எப்போது விழும் என்று சொல்ல முடியாத நிலை. இதெல்லாம் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் விற்றால் தப்பா? இந்தக் கேள்விக்கு இரண்டு பழைய தத்துவ ஞானிகளைச் சிசரோ மோதவிட்டார். ஆன்டிபேட்டர், ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கே குருவான பாபிலோன் டயோஜெனிஸ், யாராவது கையைப் பிடித்து இழுத்தா வாங்கச் சொன்னார்கள், நோய் தரும் வீடு விற்பனைக்கு என்று தமுக்கு அடித்துக்கொண்டா விற்பார்கள் என்று கிண்டலடித்தார். சிசரோ சீடன் பக்கம் சாய்ந்தார். பின்னாளில் ஆங்கிலச் சட்டம் குருவின் பக்கமே சாய்ந்தது.

அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது வீடல்ல, ஒரு கல். ஆட்டின் வயிற்றில் உருண்டு திரளும் கல் ஒன்றுக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஏகப்பட்ட கிராக்கி. எந்த விஷத்தையும் முறிக்கும் என்று நம்பினார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரோசனைக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். லண்டனில் சாண்டெலர் என்ற பொற்கொல்லர் அப்படி ஒரு கல்லை லோப்பஸ் என்பவருக்கு 100 பவுண்டுக்கு விற்றார். அந்தக் காலத்து 100 பவுண்டு சின்னத் தொகை இல்லை. பிறகு பார்த்தால் கல் போலி.

1603-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் சொன்ன பதில் இன்று கேட்டாலும் திகைக்க வைக்கும். அசல் கல் என்று பொற்கொல்லர் சொன்னது வாஸ்தவம். ஆனால் அசல் என்று உத்தரவாதம் தரவில்லையே! வெறுமனே சொல்வது வேறு, உறுதி கொடுப்பது வேறு. ஆகவே வழக்கு செல்லாது. வாயைத் திறந்து தப்பாகச் சொன்னவரே தப்பித்துக்கொண்டார் என்றால், வாயைத் திறக்காதவரை யார் கேட்பது? ‘கேவியட் எம்ப்டர்’, வாங்குபவனே உஷார் என்ற வாசகம் ஆங்கிலச் சட்டத்தின் நாக்கில் ஊறிப்போயிற்று. லத்தீனில் இருப்பதால் ரோமானியர் சொத்து என்றுதான் தோன்றும். உண்மையில் ரோமாபுரியின் சந்தை அதிகாரிகள், அடிமையோ மாடோ விற்பவர் அதன் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தவர்கள். லத்தீன் சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்த இந்த ஆங்கிலப் பிள்ளை, கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கும் போனது. ஓர் இடத்தில் இடறியது.

அந்த இடம் நம் ஊர்தான். 1882 ஜூலை 1 அன்று சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 55 என்று ஒரு பிரிவு. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி. தங்கள் ஊரில் இல்லாத கண்டிப்பை வெள்ளைக்காரர்கள் இங்கே எழுதி வைத்தார்கள். இன்றும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படிக்கிற நம்மவர்கள், சுவரில் ஓதம் ஏறுமா என்று மட்டும் பத்திரத்தில் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. ஏட்டில் இருந்த கடமைக்கு ஒரு தாள் அமையவில்லை. அந்தத் தாள் பிறக்க வேண்டியிருந்த இடம் வேறு. முதல் பிரசவ வலி ஒரு பூச்சியால் வந்தது.

1938 செப்டம்பர் 12. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், நியூட்டன் நகரம். ஸ்விண்டன் என்பவர் ஒரு சேமிப்பு வங்கியிடமிருந்து தன் குடும்பத்துக்காக வீடு வாங்கினார். வங்கிக்கு ஒன்று தெரியும், அவருக்குத் தெரியாது: வீட்டை உள்ளுக்குள் கரையான் தின்றுகொண்டிருந்தது. கரையான் வெளியே வந்து முகம் காட்டுகிற ஜீவன் அல்ல. உத்தரத்துக்குள் புகுந்தால் மேல்தோல் ஒரு மயிரிழை இருக்கும்வரை விட்டுவைத்து, நடுவைத் தின்றுவிடும். கட்டையைத் தட்டினால் மட்டும் பொக்கென்று சத்தம் கேட்கும். ஸ்விண்டன் அதைக் கண்டுபிடித்தது 1940 ஆகஸ்ட் 30-இல். ஏறக்குறைய இரண்டு வருஷம் கரையானோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம். செலவுக் கணக்கோடு நீதிமன்றம் ஏறினார்.

1942-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. வங்கி பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கவில்லை. வாங்குபவர் போய்ப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. வெறுமனே பேசாமல் இருந்தது. பேசாமல் இருப்பதெல்லாம் குற்றம் என்றால் நாளைக்கு என்ன ஆகும் என்று நீதிபதி குவா யோசித்தார். சொத்தில் ஒளிந்திருக்கும் நல்லதைத் தெரிந்துகொண்டு குறைந்த விலைக்கு வாங்குகிறவரையும் அல்லவா பிடிக்க வேண்டிவரும்! அவர் தீர்ப்பில் வருத்தம் தெரிகிறது. ஒழுக்கம் போகிற தூரம் சட்டம் இன்னும் போகவில்லை என்பதுதான் அதன் சாரம். வருத்தப்பட்டு என்ன செய்ய? கரையான் ஜெயித்தது. ஆனால் அதன் வெற்றி பதினெட்டு வருஷம்தான் நீடித்தது.

அமெரிக்காவின் மறுகோடி, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரம். ஓர் அடுக்கு வீட்டில் கரையான் இருப்பதைக் கண்டு அதன் சொந்தக்காரர்கள் மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டார்கள். செய்ய வேண்டிய வேலை முழுசாக நடக்கவில்லை. அரித்த இடங்களைச் சரிக்கட்டி மூடினார்கள், விற்றார்கள், கரையானைப் பற்றி மூச்சுவிடவில்லை. 1960-இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலையை ஏற்கவில்லை. கட்டடத்துக்கும் குடியிருப்போருக்கும் ஆபத்தான, கண்ணுக்குப் படாத குறை என்றால் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றது. மறைந்திருந்த பூச்சிக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. கண்முன்னே விரிசலாகவும் சாய்வாகவும் நின்ற ஒரு குன்றுக்கு வழி பிறக்க இன்னும் இருபத்துநாலு வருஷம் ஆயிற்று.

கலிஃபோர்னியாவில் டயாப்லோ என்று ஒரு மலை. பெயருக்குப் பொருள் பிசாசு. அதன் அடிவாரத்தில் அதே பெயரில் வசதியானவர்கள் குடியிருக்கும் சின்ன ஊர். ஸ்ட்ராஸ்பர்கர் குடும்பத்துக்கு அங்கே ஒரு ஏக்கரில் 3,000 சதுர அடி வீடு, நீச்சல் குளம், விருந்தாளிகளுக்குத் தனியாக ஒரு பெரிய வீடு எல்லாம் இருந்தன. பார்க்கப் பார்க்க ஆசை வரும் சொத்து. ஆனால் மனையின் ஒரு பகுதி இயற்கையான தரை அல்ல. கொட்டி நிரப்பிய மண். சரியாகக் கெட்டிப்படுத்தாமல் நிரப்பிய மண். 1973-இல் சரிவு பத்துப் பன்னிரண்டு அடி அளவுக்கு லேசாக நழுவியது. 1975-இல் லேசாக இல்லை. ஐம்பது அறுபது அடி அகல வட்டத்துக்கு மண் எட்டுப் பத்து அடி கீழே உட்கார்ந்துவிட்டது. குடும்பத்தார் சரிவைச் சீர்செய்து, மண் பிடிமானத்துக்கு வலை விரித்தார்கள். அடுத்த வருஷம் வீடு விலைக்கு வந்தது.

விற்பனையை எடுத்துக்கொண்ட தரகு நிறுவனத்தின் முகவர்கள் இருவர் வீட்டைப் பலமுறை சுற்றிப் பார்த்தார்கள். இங்கேதான் கதையின் முடிச்சு. மண் சரிந்த கதையை விற்பவர்கள் இந்த முகவர்களிடமும் சொல்லவில்லை. ஆனால் முகவர்களுக்குக் கண் இருந்தது. நிரப்பிய மண்ணில் கட்டிய வீடு என்பது தெரியும். விருந்தாளி வீட்டின் தரை மட்டமாக இல்லை என்பது பட்டது. சரிவில் வலை விரித்திருந்ததும் பட்டது. மண்ணைச் சோதிக்கச் சொல்லலாமே என்று யாரும் சொல்லவில்லை. வாங்க வந்த ஈஸ்டன் என்ற பெண்மணியிடமும் வாயைத் திறக்கவில்லை. 1976 மே மாதம் 1,70,000 டாலருக்கு விலை பேசி முடிந்தது. மலை அதிக நாள் காத்திருக்கவில்லை.

கொஞ்ச காலத்திலேயே மண் பெரிதாக நகர்ந்தது. அஸ்திவாரம் இறங்கியது. சுவர்கள் விரிசல்விட்டன. வாசற்கால்கள் கோணிக்கொண்டன. அடுத்தடுத்த சரிவுகளில் வண்டிப் பாதையின் ஒரு பகுதியே போய்விட்டது. 1,70,000 டாலர் சொத்து 20,000 கூடப் பெறுமோ பெறாதோ என்று மதிப்பீட்டாளர் சாட்சி சொன்னார். சரிசெய்ய ஆகும் செலவு 2,13,000 டாலர் வரை போகலாம் என்றும் கணக்கு வந்தது. வீட்டின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகம். ஈஸ்டன் எல்லோர் மேலும் வழக்குப் போட்டார்: விற்றவர்கள், கட்டியவர்கள், கடைசியாகத் தரகு நிறுவனம். நடுவர் குழு 1,97,000 டாலர் நஷ்ட ஈடு விதித்து, யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தது. தரகு நிறுவனத்தின் பங்கு வெறும் 5 சதவீதம். அந்த ஐந்துதான் அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது.

எங்களிடம் சொல்லாத குறைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நியாயமான கேள்விதான். தரகர் என்பவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்து நடுவில் கமிஷன் பார்ப்பவர். மண் பரிசோதகர் அல்ல. 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த பதிலைக் கேட்டுக் கலிஃபோர்னியாவின் தரகு அலுவலகங்கள் அதிர்ந்தன. தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். கோணிய தரையும் விரித்த வலையும் ரயிலை நிறுத்தும் சிவப்புக் கொடிகள் மாதிரி. அதைக் கண்டும் காணாமல் போக முடியாது. எவ்வளவு பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கோடு போட ஆளில்லை. தரகர்களுக்குத் தொழில் காப்பீடு கொடுப்பதே சிக்கலாயிற்று. அந்த நேரம் பார்த்து, நாட்டின் அடுத்த ஓரத்தில் ஒரு மழை கொட்டியிருந்தது.

ஃப்ளோரிடா. 1982. டேவிஸ் தம்பதி 3,10,000 டாலருக்கு ஒரு வீட்டைப் பேசி முடித்து, முதல் தவணையாக 5,000 டாலர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரம் காரை உப்பி உரிந்திருந்தது. கூரையின் உள்பக்கம் கறை. கேட்டார்கள். ஜன்னலில் எப்போதோ சின்னக் கோளாறு, சரிசெய்தாயிற்று. கறை என்பது சுவர்த் தாள் ஒட்டிய பசையும், உத்தரத்தை இடம் மாற்றிய தழும்பும் என்று விற்பவர் பதில் சொன்னார். நம்பி இன்னொரு 26,000 டாலர் கொடுத்தார்கள். சில நாளில் கனமழை. டேவிஸ் வீட்டம்மா உள்ளே நுழைந்தபோது ஜன்னல் சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. கூடத்துக் கூரையிலிருந்து, விளக்குகளிலிருந்து, சமையலறை அடுப்பிலிருந்துகூட! 1985-இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதோடு நிற்கவில்லை. சொத்தின் மதிப்பைப் பாதிக்கும், எளிதில் புலப்படாத குறை தெரிந்தால் விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று மாநிலத்துக்கே விதி வகுத்தது. மேற்கே சேறு, கிழக்கே மழை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தரகர்கள்.

அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையின் அழகான திருப்பம். வாயைத் திறக்காமல் வளர்ந்த தொழில், எல்லோரும் எழுத்தில் சொல்லட்டும் என்று கொடி பிடித்தது. கணக்குச் சுலபம். வீட்டில் குடியிருந்தவருக்குத் தெரியாததா தரகருக்குத் தெரிந்துவிடும்? அவரையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டால், பழியும் மையோடு சேர்ந்து அவர் பக்கம் போய்விடும். 1985-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் தரகரின் கடமைக்குக் கோடு போட்டது: எளிதில் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும், சுவரை உடைக்க வேண்டாம். கையோடு விற்பவருக்கும் ஒரு வேலை வைத்தது. 1987 ஜனவரி 1 முதல், ஒன்று முதல் நான்கு குடித்தனம் வரையுள்ள வீட்டை விற்பவர், சட்டமே வாசகம் எழுதிக்கொடுத்த ஒரு படிவத்தை நிரப்பி வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். இன்று அமெரிக்காவில் வீடு விற்பவர்கள் சாப்பாட்டு மேஜையில் காபிக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு, அலுப்போடு கட்டம் கட்டமாக டிக் அடிக்கும் அந்த விற்பனையாளர் அறிவிப்புத் தாள் பிறந்தது இப்படித்தான்.

தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தால் பழைய வழக்குகளின் தழும்பெல்லாம் தெரியும். பாத்திரம் கழுவும் இயந்திரம், புகை எச்சரிக்கைக் கருவி, கார் கொட்டகைக் கதவு என்று சாதுவாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு சுவர், தரை, கூரை, அஸ்திவாரம், குழாய். அதையும் தாண்டினால் இரண்டு கேள்விகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்: மனையில் நிரப்பிய மண் உண்டா? எக்காரணத்தாலாவது மண் இறங்கியதோ சரிந்ததோ நழுவியதோ உண்டா? டயாப்லோ மலையடிச் சேறு காய்ந்து எழுத்தான இடம் அது. அனுமதி வாங்காமல் எழுப்பிய அறை, அக்கம்பக்கத்துச் சத்தத் தொல்லை இதற்கெல்லாமும் தனித்தனி வரி இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரை கெட்டிருக்கிறதா என்று தாள் கேட்காது. கெட்டிருப்பது தெரியுமா என்றுதான் கேட்கும். தாளின் தலைமாட்டிலேயே, இது எந்த வகையிலும் உத்தரவாதம் அல்ல என்றும் எழுதியிருக்கிறது. 1603-இல் கல்லை விற்ற சாண்டெலர் படித்தால் புன்னகைப்பார். இந்தத் தாளைத் தரகர்கள் சங்கம் மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோக முனைந்தது. பல மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. நியூயார்க்கோ வாங்குபவனே உஷார் என்று விறைப்பாக நின்றது. அந்த விறைப்பை அசைக்க மனிதர்களால் முடியவில்லை.

ஹட்சன் ஆற்றங்கரையில் நையாக் என்று ஓர் ஊர். அங்கே ஆற்றைப் பார்த்த பழைய மாளிகை ஒன்றில் ஏக்லி குடும்பம் இருந்தது. கூடவே சிலர் இருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து உடுப்பில் நடமாடும் ஆவிகள்! வீட்டம்மா ஹெலன் ஏக்லி அதை மறைக்கவில்லை. பெருமையாகவே 1977-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்கு எழுதினார். உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தது. 1989-இல் ஊரைச் சுற்றிக் காட்டும் நடைப் பயணத்தில் பேய் வீடு என்றே சேர்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, நியூயார்க் நகரத்திலிருந்து வந்து 6,50,000 டாலருக்கு வீட்டைப் பேசி 32,500 டாலர் முன்பணம் கொடுத்த ஸ்டாம்போவ்ஸ்கி என்பவருக்கு மட்டும் தெரியாது. தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கீழ்நீதிமன்றம், பேயானாலும் சரி, பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டது.

1991-இல் மேல்முறையீட்டில் ஐந்து நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். மூன்றுக்கு இரண்டு. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி இஸ்ரேல் ரூபின் சிரிப்பை அடக்கிக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். தீர்ப்பு முழுக்கப் பேய்ச் சிலேடை. ஆனால் தர்க்கம் பேயடித்தது அல்ல. பேய் இருக்கிறது என்று ஊர் உலகத்துக்கு அறிவித்தவர், இப்போது இல்லை என்று மறுக்க முடியாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டில் பேய் உண்டு! இனி வாங்குபவர் உஷாராக இருந்திருக்க வேண்டும் என்ற வாதம் மிச்சம். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினாலும், கரையான் நிபுணரை விட்டுத் தட்டச் சொன்னாலும் பேய் அகப்படுமா? எவ்வளவு உஷாரானவராலும் கண்டுபிடிக்க முடியாததை, விற்பவரே பரப்பிவிட்டுப் பிறகு சொல்லாமல் இருந்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று முடித்தார். நானூறு வருஷத்து வாசகத்தில் நியூயார்க்கிலும் ஓர் ஓட்டையைப் பேய் போட்டுவிட்டது. நியூயார்க் சட்டமன்றத்துக்கு அந்த வழியில் நுழைய இன்னும் பத்து வருஷம் பிடித்தது. நுழையும்போதும் ஒரு கள்ளக் கதவை வைத்துக்கொண்டே நுழைந்தது.

2002 மார்ச் 1 முதல் நியூயார்க்கிலும் படிவம் வந்தது. நீளமான படிவம், விவரமான கேள்விகள். கூடவே ஒரு துணை விதி: விற்பவர் படிவம் கொடுக்காவிட்டால், கிரயத்தின்போது வாங்குபவருக்கு 500 டாலர் கழித்துக் கொடுக்க வேண்டும். தண்டனை மாதிரி எழுதியதை வக்கீல்கள் கட்டணம் மாதிரி படித்தார்கள். பல லட்சம் டாலர் புரளும் வியாபாரத்தில் 500 டாலர் என்ன பெரிய பணம்? ஒரு கட்டத்தில் தப்பாக டிக் அடித்துப் பிறகு கோர்ட்டுக்கு அலைவதைவிட, 500-ஐக் கழித்துவிட்டு வாயை மூடிக்கொள்வதே மேல் என்று ஆலோசனை சொன்னார்கள். விற்பவர்கள் கேட்டார்கள். மௌனத்துக்கு அரசாங்கமே விலை நிர்ணயித்தது போலாயிற்று. பாபிலோன் டயோஜெனிஸ் இருந்திருந்தால் நியூயார்க்கில்தான் வீடு விற்றிருப்பார்.

அந்தக் கள்ளக் கதவு இருபத்திரண்டு வருஷம் திறந்தே கிடந்தது. 2023-இல் ஆளுநர் ஒரு திருத்தத்தில் கையெழுத்திட்டார். 2024 மார்ச் 20 முதல் 500 டாலர் கழிவு கிடையாது; தாளை நிரப்பியே தீர வேண்டும். வெள்ளம் வந்ததா, வெள்ள அபாயப் பகுதியா, வெள்ளத்துக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டதுண்டா என்று புதுக் கேள்விகளும் ஏறிக்கொண்டன. உளுத்த மரத்தைப் பற்றிக் கேட்கிறது அந்தத் தாள். நீர்க்கசிவைக் கேட்கிறது. கரையான், பூச்சி, எலி உண்டா என்று கேட்கிறது. பாம்பைப் பேர் சொல்லிக் கேட்கவில்லை. பேயைக் கேட்கவே இல்லை.